பட்டாளத்தக்கா குதித்தது எத்தனை முறை

எங்கள் திரைச்சீலைப் பட்டறையில் பன்னிரண்டு மெஷின்கள். ஜன்னலோரம் நான்காவது மெஷின் பட்டாளத்தக்காவுடையது, ஐந்தாவது என்னுடையது. பதினான்கு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துவிட்டேன். அவரைப் பற்றி யார் என்ன கேட்டாலும் கடைசியில் என்னிடம்தான் அனுப்பி வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆள் குள்ளம். நாற்காலியில் தலையணை வைத்தால்தான் மெஷின் மட்டத்துக்கு வருவார். முன்பின் தெரியாதவர்கள் பார்த்தால் இவரா பட்டாளத்தில் இருந்தார் என்று கேட்பார்கள். இருந்தார். பத்தொன்பது வயதில் சேர்ந்து எட்டு வருடம் இருந்தார். அப்பா தானியக் கிடங்கில் எடை போடுகிறவர், வீட்டில் நான்கு பெண்கள். பெண்களையும் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்ததும் யாரிடமும் சொல்லாமல் போய் வரிசையில் நின்றிருக்கிறார். உயரம் அரை அங்குலம் குறைந்தது. திருப்பி அனுப்பப் போன நேரத்தில், அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அதிகாரி அக்காவின் கைகளைப் பார்த்துவிட்டு, "விரலைக் காட்டு" என்றாராம். நீளமான விரல்கள். அந்த விரல்களுக்காகவே அவரைப் பாராசூட் மடிக்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வேலையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். நாற்பதடி நீள மேசை. அதன் மேல் பாராசூட்டை விரித்து, ஒவ்வொரு மடிப்பாக உதறி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். துணி நழுவாமலிருக்கச் சின்னச் சின்ன மணல் பைகளை அங்கங்கே வைப்பார்கள். கயிறுகள் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மணல் பைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது பாராசூட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து மடிக்க வேண்டும். கடைசியில் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு உள்ளே செருகிவிடுவார்கள். யார் மடித்தது என்பது அதைக் கட்டிக்கொண்டு குதிப்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

அங்கே இன்னொரு விதியும் இருந்தது என்பார் அக்கா. மடிப்பவர்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, வருடத்தில் என்றைக்காவது ஒருநாள் அதிகாரி வந்து, அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்து, அதை மடித்தவரிடமே கொடுத்து, "போட்டுக்கோ, போய்க் குதி" என்பார். முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி மூன்று முறை தான் குதித்ததாக அக்கா சொல்லுவார். டீ நேரத்தில் புதிதாக யாராவது வந்து சேர்ந்தால் போதும், நாங்களே எடுத்துக் கொடுப்போம். முதல் தடவை ஒரு வெங்காய வயலில் விழுந்தார். வயலுக்குச் சொந்தக்காரி ஓடி வந்து, "ரெண்டு வரிசையை நாசம் பண்ணிட்டியேடி" என்று திட்டித் தீர்த்தாள். அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பாராசூட்டைச் சுருட்டினார். இரண்டாவது தடவை காற்று இழுத்துக்கொண்டு போய் முள்வேலியில் போட்டது. கால்சட்டை கிழிந்து, லாரி வரும்வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரிய கதை. கயிறுகள் முறுக்கிக்கொண்டு, அக்கா பம்பரம் மாதிரி சுற்றினார். வானம் ஒரு பக்கம், பூமி ஒரு பக்கம். காலை உதைத்து உதைத்து முறுக்கைப் பிரித்து, கடைசி நிமிடத்தில் பாராசூட் முழுசாக விரிந்து, அதிகாரியின் காலடியிலேயே வந்து இறங்கிச் சல்யூட் அடித்தார். இந்த இடம் வரும்போது நாங்கள் எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவோம்.

அவர் கணவர் பஸ் கண்டக்டர். பட்டாளத்திலிருந்து வந்து தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவருடைய பஸ்ஸில்தான் அக்கா தினமும் டிக்கெட் வாங்கினார். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆகிறது. அவர் அதிகம் பேச மாட்டார். நாள் முழுக்க பஸ்ஸில் கத்திவிட்டு வருகிறவர், வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வார் என்பார் அக்கா. ஒரே மகள், வெளியூரில் மருந்துக்கடையில் வேலை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு மூன்று வருடம் முன்பு புதிய கட்டிங் மாஸ்டர் வந்து சேர்ந்தார். நல்ல தொழிலாளி. அரை அங்குலம் பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. நாங்கள் வாயால் சொல்கிற அளவை ஏற்க மாட்டார், தானே போய் ஜன்னலை அளந்துவிட்டு வருவார். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பாராசூட் படையில் இருபது வருடம் இருந்தவர். அக்கா கதை சொல்லும்போதெல்லாம் மாஸ்டர் கத்தரியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். மச்சானிடம் கேட்டிருக்கிறார், மச்சான் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான் அப்போது.

போன வருடம் பட்டறை தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆனது. முதலாளியம்மா பேப்பர்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் மெஷின்களைப் படம் எடுத்தார், எங்களிடம் நாலு வார்த்தை கேட்டார், பிறகு பட்டாளத்தக்காவின் கதையில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பட்டறையைப் பற்றி ஒரு பத்தி, அக்காவைப் பற்றி அரைப் பக்கம். 'வானிலிருந்து மூன்று முறை குதித்த தையல்காரர்' என்று தலைப்பு.

மறுநாள் மாஸ்டர் அந்தப் பேப்பரை வெட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பேப்பர்ல போட்டா மட்டும் நடந்ததா ஆயிடுமா?" என்றார்.

அக்கா மெஷினை நிறுத்தினார். "என்ன சொல்றீங்க மாஸ்டர்?"

"நீங்க மடிச்சீங்க, அதை நான் நம்புறேன். குதிச்சதை நம்பல. மடிக்கிற பொம்பளைங்களை அந்தக் காலத்துல குதிக்க விட்டதே இல்லைன்னு என் மச்சான் சொல்றாரு."

"உங்க மச்சான் எங்க மேசைப் பக்கம் வந்திருக்காரா?"

"அவரு வரல. கயிறு அப்படி முறுக்கிச்சுன்னா அதிகாரி காலடியில போய் இறங்க முடியாதுன்னும் சொல்றாரு. எங்க போய் விழுவோம்னே தெரியாதாம்."

மற்றதற்கெல்லாம் சட்டென்று பதில் வைத்திருக்கும் அக்கா, அந்த ஒன்றுக்கு மட்டும் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார். நூல் ஏற்கெனவே கோத்துத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பேப்பரில் மச்சானின் கடிதம் வந்தது. மடிப்புப் பிரிவுப் பெண்கள் யாரும் குதித்ததில்லை, பட்டாளத்தின் பெயரைச் சொல்லி இல்லாத பெருமை தேடுகிறவர்களை வாசகர்கள் நம்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். அக்காவின் பெயரைப் போடவில்லை. போடாவிட்டால் என்ன, ஊரில் பாராசூட் மடித்த பெண் வேறு யார் இருக்கிறார்?

பட்டறை இரண்டாகப் பிரிந்தது. டீ நேரத்தில் இந்தப் பெஞ்சில் ஆறு பேர், அந்தப் பெஞ்சில் ஆறு பேர். இஸ்திரி போடுகிறவர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் நின்றுகொண்டே குடித்தார். ஒரு ஹோட்டலுக்கு எண்பது ஜன்னல் திரை தைத்துக் கொடுக்க வேண்டிய நேரம். இரண்டு கட்சியாக நின்று நாங்கள் ஒருவர் வெட்டியதை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். முதலாளியம்மா வந்து, "ஆர்டர் முடியற வரைக்கும் இங்க யாரும் குதிக்க வேணாம், யாரும் குதிச்சதைப் பத்திப் பேசவும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு எழுதிப் போட்டால் பணிப் புத்தகத்தின் நகல் கிடைக்கும். அதில் குதித்த தேதி உட்பட எல்லாம் இருக்கும். நான்தான் அதைச் சொன்னேன். படிவம் வாங்கி வந்து, அக்கா சொல்லச் சொல்ல நானே நிரப்பினேன். கவரில் போட்டு ஒட்டி அவர் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒரு மாசத்துல வந்துடும்க்கா. அப்புறம் மாஸ்டர் மூஞ்சியை எங்க வச்சுக்குவாருன்னு பார்க்கலாம்" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார். குரலில் உயிரில்லை.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம். காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த கண்டக்டர் அண்ணன், மூக்குக் கண்ணாடியைத் தேடி அக்காவின் பையைத் துழாவியிருக்கிறார். கவர் அப்படியே இருந்தது. அதன் பிறகு நடந்தது முழுவதையும் அக்காவே என்னிடம் சொன்னார். தன் பக்கத்தை மறைக்காமல் சொன்னார், அதனால் நானும் மறைக்கவில்லை.

அண்ணன் கவரை மேசை மேல் வைத்துவிட்டு, "இதைப் போடலையா?" என்று கேட்டிருக்கிறார்.

"போடணும்."

அண்ணன் ரொம்ப மெதுவாகச் சொன்னாராம். "போடலைன்னாலும் பரவாயில்ல. பேப்பர்ல வந்ததை நாலு நாள்ல மறந்துடுவாங்க. எனக்கு ஒரு குறையும் இல்ல."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அப்ப நீங்களும் நம்பலையா?"

அண்ணன் கவரை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இருபத்தாறு வருஷமா நம்பலையா?"

"நம்பினேனா இல்லையான்னு நான் யோசிச்சதே இல்ல" என்றாராம். "நீ சொல்றப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும். கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அதைக் கேட்டுக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை என்றார் அக்கா. கோபம்தான் முதலில் வந்ததாம். அடுக்களைக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி போனார். பிறகு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து சொன்னார். "ரெண்டு தடவை குதிச்சேன். மூணாவது தடவை குதிக்கல."

மூன்றாவது தடவை விமானத்தில் ஏறியது உண்மை. பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும், உள்ளே செருகியிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். பிறகு தேதியைப் பார்த்தார். அது அவர் காய்ச்சலோடு வேலைக்கு வந்த நாள். அன்றைக்கு எத்தனை பாராசூட் மடித்தார், யாரோடு பேசினார், எதுவுமே நினைவில்லை. மணல் பைகளை எண்ணினோமா என்று யோசித்தார். எண்ணியிருப்போம் என்று தோன்றியதே தவிர, எண்ணியதாக நினைவுக்கு வரவில்லை. கதவு திறந்தது. அவருக்கு முன்னால் இருந்த மேசைத் தோழி குதித்தாள். ஒல்லியாக இருப்பாள், அவளை எல்லோரும் ஊசி என்பார்கள். அடுத்தது அக்கா. கதவுவரை போனார், விளிம்பைப் பிடித்தார், பின்பு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

கயிறு முறுக்கிக்கொண்டு சுற்றியது ஊசிக்குத்தான். அவள் விழுந்ததும் அதிகாரியின் காலடியில் இல்லை, ஒரு குட்டையில். சேறு சொட்டச் சொட்ட லாரியில் வந்து இறங்கி, எல்லோரிடமும் கை காலை ஆட்டிச் சொன்னாள். சல்யூட்டும் காலடியும் அக்கா பிறகு சேர்த்தவை.

"மேல போக பயம் இல்லைங்க" என்றார் அக்கா. "என் கை வேலை மேலயே எனக்கு நம்பிக்கை இல்லாமப் போச்சு. நான் மடிச்சதைக் கட்டிக்கிட்டு எத்தனை பேர் குதிச்சிருக்காங்க. அவங்களுக்குக் கொடுத்ததை நானே போட்டுக்க மாட்டேன்னுட்டேன். கீழ வந்ததும் அந்தப் பையை மேசை மேல வச்சு, எல்லார் முன்னாலயும் பிரிச்சாங்க. மடிப்பு சுத்தமா இருந்துச்சு. ஒரு குத்தம் இல்ல. அதிகாரி திட்டக்கூட இல்ல, புத்தகத்துல ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டாரு. அந்த வரி இந்தக் கவரைப் போட்டா வந்துடும்."

அண்ணன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். "எங்க போறீங்க?" என்றதற்கு, "தபால்பெட்டிக்கு" என்றார்.

"இதை மட்டும் நம்புறீங்களா?"

"செஞ்சதா சொல்லிக் கதை விடறவங்களை பஸ்ல தினம் பார்க்கறேன். செய்யலைன்னு யாராவது கதை கட்டுவாங்களா?" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி, "ரெண்டு தடவை குதிச்சிருக்கியே" என்றாராம். அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர் மாதிரி.

திங்கட்கிழமை அக்கா நேராக வெட்டு மேசைக்குப் போனார். சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்து, நகல் வரும்வரை காத்திருக்கலாமே என்று நான் அவர் கைப்பையைப் பிடித்து இழுத்தேன். கேட்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, கண்டக்டர் அண்ணனிடம் சொன்னதை அப்படியே சொன்னார். எங்கள் பெஞ்சுக்காரர்களுக்கு முகம் தொங்கிப் போனது. எனக்கும்தான். அந்த மூன்றாவது கதைக்காக நான் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

மாஸ்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும், "பிரிச்சப்ப தப்பு ஒண்ணுமே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"மணல் பை?"

"எல்லாம் மேசையிலதான் இருந்துச்சு."

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். "நான் வெட்டி வச்ச துணியை மறுநாள் காலைல சீக்கிரமா வந்து திரும்ப அளப்பேன். உங்க யாருக்கும் தெரியாது. முப்பது வருஷமா அப்படித்தான். சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் அளப்பேன்." கத்தரியை மறுபடி எடுத்துக்கொண்டு, "ரெண்டு தடவை குதிச்சீங்க. நான் ஒத்துக்கறேன்" என்றார்.

"நகல் வரட்டும் மாஸ்டர்."

"வர்றப்ப வரட்டும்."

அன்றைக்கு டீ நேரத்தில் எல்லோரும் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினோம்.

நகல் ஆறு வாரம் கழித்து வந்தது. மடிப்புப் பிரிவில் எட்டு வருடம், குதித்தது இரண்டு முறை, தேதியோடு. மூன்றாவது தேதிக்கு நேரே, 'விமானத்தில் ஏறினார், குதிக்கவில்லை. பை பரிசோதிக்கப்பட்டது, குறையில்லை' என்று எழுதியிருந்தது. மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு போய் மச்சானிடம் காட்டினார். மச்சான் லேசில் இறங்கி வருகிற ஆளில்லை. எங்கள் பிரிவில் அப்படி வழக்கமில்லை, வேறு இடத்தில் இருந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம். ஆனாலும் பேப்பருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டார். அவர்களும் ஒரு மூலையில் போட்டார்கள், 'பாராசூட் தைத்தவர் இரண்டு முறை குதித்தது உண்மையே' என்று.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கொதித்துப் போனார். "தைச்சேனாமே. தைக்கிறது வேற பிரிவு. நான் மடிச்சவ. இதுக்கு ஒரு கடிதம் எழுதணும்." முதலாளியம்மா கையெடுத்துக் கும்பிட்டு, அடுத்த ஆர்டரும் முடியட்டும் என்றார்.

இப்போது பட்டறையில் யாராவது வாய் தவறி மூன்று முறை என்று சொன்னால் மாஸ்டர்தான் முதலில் திருத்துகிறார். போன மாதம் துணி சப்ளை பண்ண வந்தவர் இரண்டு முறை குதித்ததையே நம்பாமல் சிரித்தபோது, மாஸ்டர் அவரை உட்கார வைத்து, வெங்காய வயலிலிருந்து ஆரம்பித்து முள்வேலிவரை தானே சொல்லி முடித்தார். அக்கா குனிந்து மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டே, வயல்காரி ஒற்றை ஆள், மாஸ்டர் சொல்கிற மாதிரி புருஷனோடு வரவில்லை என்று மட்டும் திருத்தினார்.

மூன்றாவது கதையையும் அக்கா சொல்கிறார். ஊசியின் கதையாகவே சொல்கிறார், குட்டையோடும் சேற்றோடும். ஊசி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை, பழைய முகவரிக்கு எழுதிப் பார்த்ததில் பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கதையில் முன்பு இல்லாத ஒரு பகுதி இப்போது சேர்ந்திருக்கிறது. காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்து அக்கா திரும்பி வந்த பகுதி. கதவருகே நின்ற சிப்பாய் ஒன்றும் கேட்காமல் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தானாம். பசியே இல்லாமல் அதை முழுவதும் தின்றாராம். எங்களுக்கெல்லாம் இப்போது பிடித்த இடம் அதுதான். முன்பு கிளாஸைக் கீழே வைக்கச் சொன்னது பம்பரம். இப்போது அந்த ரொட்டி.

வீட்டில்தான் தொல்லை அதிகம் என்கிறார் அக்கா. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கண்டக்டர் அண்ணன் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு வருடமாக ஒன்றுகூடக் கேட்காதவர், சாப்பிடும்போதும் கேட்கிறார், செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கிறார். மேலே குளிருமா, காதுக்குள் எப்படி இருக்கும், கீழே ஆட்கள் எந்த அளவில் தெரிந்தார்கள். பஸ்ஸில் கூட வருகிற டிரைவரிடம் போய்ச் சொல்லி, அவர் கேட்கிற கேள்வியையும் வாங்கிக்கொண்டு வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் பொத்தான் வேலை அவருடையதாம். அக்கா எனக்கு டீ கொண்டு வந்தார்.

"கதவுலேருந்து காலை எடுத்தப்ப கண்ணைத் திறந்து வச்சிருந்தியா, மூடிட்டியா?" என்றார் அண்ணன், தைப்பதை நிறுத்தாமல்.

"முதல் தடவை மூடிட்டேன்" என்றார் அக்கா. "ரெண்டாவது தடவை ஒரு கண்ணு."

"எந்தக் கண்ணு?"

அக்கா டீயை என் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார், பிறகு இடதை மூடிப் பார்த்தார், எது என்று நிதானமாக யோசித்தார்.